காசைக் கழட்டறதுக்கு முன்னால மூடியைக் கழட்டு

வா சாமி, வா. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ராத்திரி வெளையாட்டுல எவனாச்சும் உன்னைச் சுட்டுப்போட்டானா, இல்லை உன்ற பொட்டியே உன்னைக் கவுத்துப்போட்டுதா? உங்கொம்மா போன்ல எல்லாத்தையும் சொல்லிப்போட்டா. கேமைத் தொறந்து கொஞ்ச நேரத்துல படம் திக்குது, ஃபேன் கத்துது, அப்பறம் பட்டுனு அணைஞ்சு போயிருது. அதுக்கு நீ கண்டுபுடிச்ச மருந்து தண்ணி ஓடற கூலர். அதுல கலர் கலரா லைட்டு. அதுக்கு உங்கப்பன்கிட்டப் பணம். சீக்கு இன்னதுன்னு தெரியறதுக்குள்ள வைத்தியச் செலவுக்குக் கை நீட்டறே பாரு, நீ பொழைச்சுக்குவே.

அப்புச்சிக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காதே. காலமெல்லாம் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். போர்ல தண்ணி இல்லாம மோட்டார் ஓடினாக் காயில் கருகும். கருகினதைக் கட்டிக் குடுத்துப்போட்டு, ஏன் கருகுச்சுன்னு கேக்காம உட்டா அடுத்த வாரமே அது மறுக்காவும் பட்டறைக்கு வந்து நிக்கும். உன்ற பிராசஸர் கதையும் அதேதான். சூட்டை உண்டு பண்றது அதோட வேலை. அந்தச் சூடு வெளிய போற வழியில எங்க நின்னு போச்சுன்னு கண்டுபுடிக்கறது உன்ற வேலை.

முதல்ல சூடுன்னா எவ்வளவு? கையால தொட்டுப் பார்க்கறதெல்லாம் தோசைக்கல்லோட நிறுத்திக்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு புரோகிராம் ஓசியிலேயே கெடைக்குது. அதைத் தொறந்து உட்டுப்போட்டு அரை மணி வெளையாடு. அப்பறம் வந்து, உச்சத்துல எவ்வளவு காட்டுதுன்னு பாரு. உன்ற பிராசஸர் ரைசன் 5 3600, 2019ல வந்த சரக்கு. அதுக்கு ஏஎம்டிக்காரன் போட்ட எல்லை 95 டிகிரி. வெளையாடறப்ப 70, 75ன்னு காட்டினா அதுல ஒரு சீக்கும் இல்லை, எந்திரிச்சுப் போய்ச் சோறு தின்னு. 85ஐத் தாண்டினா மூடியைத் தொறக்கலாம். 95ஐத் தொட்டா அது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், படம் திக்கறது அதனாலதான். அதுக்கு மேலயும் ஏறுச்சுன்னா உசுரைக் காப்பாத்திக்க மொத்தமா அணைஞ்சுக்கும். அப்படியில்லாம 70லயே பட்டுனு செத்துப் போச்சுன்னா பிராசஸரை உட்டுப்போட்டுப் பவர் சப்ளையைச் சந்தேகப்படு.

சும்மா இருக்கறப்பவே 40லிருந்து 50க்குக் குதிக்குதேன்னு ஓடி வராதே. இந்த ரகத்து ரைசனுக்கு அது பொறவிக் குணம். துளி வேலை வந்தாலும் ஒரு நொடி வேகத்தைத் தூக்கும், கூடவே சூட்டையும் தூக்கிக் காட்டும்.

சூடேறினா வேகத்தைக் குறைச்சுக்கற இந்த அடக்கமெல்லாம் பிராசஸருக்கு ஆதியிலிருந்தே இருந்துது கெடையாது. 2001ல டாம்ஸ் ஹார்டுவேர்ங்கற இணையதளத்துக்காரங்க, ஓடிக்கிட்டிருந்த பிராசஸருங்க மேலிருந்து சூட்டை இழுக்கற ஹீட்சிங்கைக் கழட்டிப் படம் புடிச்சாங்க. இன்டெல்லோட பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு வெளையாட்டைத் தொடர்ந்து ஓட்டுச்சு. ஏஎம்டியோட அத்லான் புகைஞ்சு செத்துது. அந்த அத்லானோட கொள்ளுப்பேரன்தான் இப்ப உன்ற பொட்டிக்குள்ள குந்தியிருக்கான். தாத்தன் செத்துச் சொன்ன பாடத்தை அவன் கத்துக்கிட்டான். நம்ம வம்சத்துல தாத்தன் உசுரோட குந்திச் சொல்றதையே பேரன் கேக்கறதில்லை.

சரி, கேளு. சூடு எப்படி ஏறுதுன்னு கடிகாரத்தை வெச்சுப் பாரு. கேம் தொறந்த பத்து இருபது நொடியில 90க்குப் பாய்ஞ்சா, கூலர் பிராசஸரைச் சரியாத் தொடலைன்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல தடவின பேஸ்ட் காஞ்சிருக்கும், திருகு எளகியிருக்கும், இல்லைன்னா மேல இருக்கற ஃபேன் நின்னுபோயிருக்கும். கால் மணி, அரை மணின்னு மெல்ல மெல்ல ஏறுச்சுன்னா காத்து உள்ளயே சிக்கிக் கெடக்குது. இந்த ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாப் பாதி வேலை முடிஞ்சுது. இதுக்குக் காலணாச் செலவு இல்லை. அதனாலதான் யாரும் செய்யறதில்லை.

அடுத்தது, பக்கத்து மூடியைக் கழட்டி வெச்சுப்போட்டு அதே கேமை அதே நேரம் வெளையாடு. ஏழெட்டு டிகிரி எறங்குச்சுன்னா குத்தம் கேபினெட்டோடது. பிராசஸரைச் சும்மா திட்டிக்கிட்டிருக்காதே. கிராபிக்ஸ் கார்டு அதைவிட நெம்பச் சூட்டைக் கக்கிக்கிட்டிருக்கும். அது கக்கறதைத்தான் உன்ற கூலர் உறிஞ்சிக்கிட்டிருக்குது. மூடியைத் தொறந்தும் எறங்கலைன்னா திரும்பப் பேஸ்ட்டுக்கே போ.

கேபினெட்னு ஆனா முன்னாடி இருக்கற சல்லடையை உருவு. உங்க ஊடு சோமனூரு. சுவத்துக்கு அக்கட்டால தறி ஓடுது. அந்தப் பஞ்சு எங்க போகும்னு நெனைச்சே? காலம் பூரா உன்ற பொட்டிதான் மூக்கால இழுத்துக்கிட்டிருந்துது. கூலர் ஃபேனுக்கும் அதுக்கடியில இருக்கற அலுமினியத் தகடுங்களுக்கும் நடுவுல பாரு. சாம்பல் நெறத்துல ஒரு படலம் குந்தியிருக்கும். நகத்துல நெம்பினா ஒட்டுக்கா உரிஞ்சு வரும். ஃபேன் எவ்வளவு வெசையாச் சுத்தினாலும் அதைத் தாண்டிக் காத்து போகாது. கரண்டைப் புடுங்கிப்போட்டு, காஞ்ச பிரஷ்ஷால தட்டி, ஊதற மெசினால ஊது. ஊதறப்ப ஃபேன் இறக்கையை ஒரு விரலால அமுக்கிக்க. இல்லைன்னா அது தறிகெட்டுச் சுத்திப் பேரிங் போயிரும்.

ஃபேன் எந்தப் பக்கம் காத்து தள்ளுதுன்னும் பாரு. குறுக்குச் சட்டம் தெரியற பக்கமாத்தான் காத்து வெளிய வரும். முன்னாடி ஃபேன் உள்ள இழுக்கோணும், பின்னாடியும் மேலயும் இருக்கறது வெளிய தள்ளோணும். உன்ற சிநேகிதன் ஒருத்தன் லைட்டு அழகாத் தெரியோணும்னு எல்லா ஃபேனையும் மொகம் உள்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தானே, அவன் பொட்டி பார்க்க நெம்ப அழகுதான். காத்துதான் வரலை.

மேல் ஓட்டையை மூடி உங்கொம்மா போட்டிருக்கற பூத்துணியை எடுத்துரு. டிவியெல்லாம் தகடாப் போன பொறகு அந்தத் துணி குந்தறதுக்கு எடமில்லாம உன்ற பொட்டிக்கு வந்து சேந்துது. அவகிட்டச் சண்டைக்குப் போயிராதே. துவைக்கோணும்னு சொல்லி எடு, காஞ்ச பொறகு எங்க வெச்சேன்னு மறந்துரு.

பேஸ்ட் மாத்தறதுன்னா இங்கதான் எல்லாரும் மாட்டறாங்க. உன்றது ஏஎம்4 போர்டு, அதுல பிராசஸரை மேல இருந்து அமுக்கிப் புடிக்கத் தகடு ஏதும் கெடையாது. பழைய பேஸ்ட் கெட்டியாப் புடிச்சிருந்தா, கூலரை நேரா இழுத்தா லீவர் பூட்டியிருக்கறப்பவே பிராசஸரும் கூடவே புடுங்கிக்கிட்டு வந்துரும். அதோட அடியில 1331 பின் இருக்குது. நாலு வளைஞ்சா நிமித்த நீ எந்தச் சாமிக்கு வேண்டிக்குவே? அதனால கழட்டறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடு பண்ணு, பேஸ்ட் எளகும். அணைச்சுக் கரண்டைப் புடுங்கு. திருகைக் கழட்டிப்போட்டு, கூலரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருகி, ஒட்டு உட்ட பொறகு தூக்கு. பழசை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தொடை. புதுப் பேஸ்ட் நடுவுல ஒரு பட்டாணி அளவு போதும். சந்தனக் காப்பு சாத்திராதே. மாட்டறப்ப நாலு திருகையும் மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கு. கூலர் ஃபேன் ஒயரைப் போர்டுல சிபியு ஃபேன்னு எழுதின எடத்துல மறக்காமச் செருகு.

அதுக்கப்பறமும் அடங்கலைன்னா பயாஸுக்குள்ள போ. பிராசஸரை எல்லை தாண்டி முடுக்கற பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்னு ஒண்ணு தொறந்து கெடந்தா மூடு. ஈக்கோ மோடுன்னு இருந்தாத் தொறந்து உடு. 65 வாட் பிராசஸர் 45 வாட் வகைக்கு எறங்கிக்கும். வெளையாட்டுல பெருசா வித்தியாசம் தெரியாது. கேம்ல ஃபிரேமுக்கு ஒரு கட்டு போடு. உன்ற மானிட்டர் நொடிக்கு 60 படந்தான் காட்டும். 200 படம் வரைஞ்சு மீதி 140ஐ யாருக்குக் காட்டப் போறே?

ஒண்ணுமே ஓடாதப்பவும் பிராசஸர் வேலை செஞ்சுக்கிட்டே இருந்துதுன்னா, ஓசியில எறக்கின கேமைக் கொஞ்சம் நெனைச்சுப் பாரு. சாவி ஒடைச்ச கேமோட கிரிப்டோ காசு தோண்டற புரோகிராமும் ஒளிஞ்சு வர்றது உண்டு. உன்ற கரண்டு, உன்ற சூடு, காசு எவனுக்கோ. ஓசின்னு வந்ததுல நம்மூட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன.

கடைசியா ஊட்டைப் பாரு. ஃபேன் கூலரோ தண்ணிக் கூலரோ, ரூமுல இருக்கற காத்தை வெச்சுத்தான் ஆத்தும். காத்தை விடக் குளுமையா அதனால ஆக்க முடியாது. ஏசி ரூமுல 24 டிகிரியில 70 காட்டற பொட்டி, சித்திரை வெயில்ல உன்ற தகரக் கூரை அடியில 38 டிகிரியில கிட்டத்தட்ட 84 காட்டும். நீ கேக்கற அந்தத் தண்ணிக் கூலரும் சூட்டை அதே ரூமுக்குள்ளதான் கொட்டும். ஜன்னலைத் தொற. தொறந்தா வெளிச்சம் பட்டு எதிரி தெரியறதில்லைங்கறே. சரிதான், அதுக்குத்தான் பொழுதோட வெளையாடுங்கறது. மத்தியானம் படிக்கலாம். நாஞ்சொல்லலை, தெர்மோமீட்டர் சொல்லுது.

இத்தனையும் செஞ்சுபோட்டு 85க்குக் கீழ எறங்கலைன்னாக் கூலர் வாங்கு, நானே உங்கப்பன்கிட்டச் சொல்றேன். அப்பவும் நல்ல காத்துக் கூலரே போதும். பம்ப் கெட்டுப்போற வம்பு அதுல இல்லை. எறங்கிருச்சுன்னா அந்தக் காசு மிச்சம். உங்கப்பனுக்கு மிச்சம்னு சொன்னேன், உனக்கில்லை.

புதுசு வாங்கினே, பழைய ஃபேனைத் தூக்கி எறிஞ்சுபோடாதே. 12 வோல்ட்டு அது. வீணாக் கெடக்கற மோடம் அடாப்டர்ல ஒயரைக் கொடுத்தா அப்புச்சி கட்டிலுக்குத் தலைமாட்டுல ஓடும். இத்தனை பேசினதுக்குக் கூலி வேண்டாமா?