மூன்று கறுப்புத் திரைகளும் ஓர் ஊர்ப் பெயரும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. கணினியைத் திறந்ததும் விண்டோஸ் வேண்டுமா, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று அது கேட்கும். எந்தப் பக்கம் போனால் படம் பார்க்கலாம் என்பதே அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை பிள்ளைகளின் எதிர்க்கேள்வி. அதே ஆண்டில்தான் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்தது. மென்பொருள் வேலை என்றாலே சென்னைக்கு ரயில் ஏறுவது என்றிருந்த திருநெல்வேலி ஜில்லாவில் கணினிக்காரர்கள் ஊரோடு தங்க ஆரம்பித்தார்கள். அதனால் ஒரே வீட்டுக்குள் வெவ்வேறு இயங்குதளங்கள் குடியேறின.

பாளையங்கோட்டைப் பொறியாளர் ஒருவரின் வீடு அப்படிப்பட்டது. தங்கைக்குக் கிடைத்த அரசு மடிக்கணினியில் இப்போது லினக்ஸ் மட்டும் இருக்கிறது. கூடத்து மேஜைக் கணினி விண்டோஸ். அலுவலகம் கொடுத்தது மேக். மூன்றிலும் அவர் சுட்டியைத் தொடுவதில்லை. கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பார். “ஏலே, டி.வி. மாதிரி இதுலயும் சிக்னல் போயிட்டா?” என்பது ஆச்சியின் கவலை.

கறுப்புத் திரையில் ஒரு சௌகரியம் உண்டு, சந்தேகமில்லை. பொத்தான் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டாம், சொன்னால் நடக்கும். எந்த மொழியில் சொல்வது என்பதில்தான் தகராறு. லினக்ஸில் ‘எல்எஸ்’ என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல் வரும். விண்டோஸின் பழைய கட்டளைத் திரையில் அதையே தட்டினால், இது உள்கட்டளையும் இல்லை, வெளிக்கட்டளையும் இல்லை, இயங்கும் நிரலும் இல்லை, பேட்ச் கோப்பும் இல்லை என்று தாசில்தார் அலுவலக நடையில் பதில் வரும். அங்கே ‘டிர்’ என்று கேட்க வேண்டும். ‘ஃபைண்ட்’ இரண்டிலும் உண்டு. லினக்ஸில் அது கோப்பைத் தேடும். விண்டோஸில் கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடும். ‘டேட்’ என்று கேட்டால் லினக்ஸ் தேதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். விண்டோஸ் தேதியைச் சொல்லிவிட்டு, “சரி, புதுத் தேதி என்ன வைக்கலாம்?” என்று நம்மிடமே கேட்கும்.

சாய்கோட்டுச் சண்டை இன்னும் பழசு. விண்டோஸுக்கு மூத்த டாஸ் 1981-இல் முதலில் வந்தபோது அதில் கோப்புறைகளே கிடையாது. முன்சாய்கோட்டைக் கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பு கோப்புறைகளோடு வந்தபோது அந்த இடம் காலியாக இல்லை, கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸும் மேக்கும் சேர்ந்த யுனிக்ஸ் வம்சமோ முன்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. விண்டோஸில் இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘கான்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்க முடியாது. டாஸ் காலத்தில் அந்தப் பெயரைத் திரைக்கும் விசைப்பலகைக்கும் எழுதிவைத்துவிட்டார்கள். தமிழில் ‘கான்’ என்று எழுதிக்கொண்டால் தடையில்லை. தமிழ் இப்படி ஓர் இடத்திலாவது சலுகை பெறுகிறது.

சலுகை அத்தோடு சரி.

ஓய்வுபெற்ற ஆசிரியரான சித்தப்பா, தாமிரபரணிக் கரையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள ஊர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். அதில் ‘சேர்மாதேவி’ என்று வரும் இடமெல்லாம் ‘சேரன்மகாதேவி’ என்று மாற வேண்டும். “அஞ்சு நிமிஷ வேலதானலே?” என்றார். “அஞ்சு நிமிஷமே ஜாஸ்தி, சித்தப்பா” என்றார் பொறியாளர்.

லினக்ஸில் அது உண்மை. ‘செட்’ என்ற கருவிக்கு ‘ஐ’ என்ற விருப்பத்தைக் கொடுத்து ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு இருந்த இடத்திலேயே திருந்திவிடும். வேலை முடிந்தது என்றுகூட அது சொல்லாது. அதே வரியை மேக்கில் தட்டினால் கதை வேறு. மேக்கில் இருப்பது பிஎஸ்டி யுனிக்ஸ் வழி வந்த ‘செட்’. அது ‘ஐ’-க்குப் பின்னால் காப்புப் பிரதிக்கான பின்னொட்டை எதிர்பார்க்கும். ஆகவே சேர்மாதேவியையும் சேரன்மகாதேவியையும் சேர்த்துப் பின்னொட்டாக விழுங்கிவிட்டு, கோப்பின் பெயரைக் கட்டளையாக வாசித்து, இப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று கோபித்துக்கொள்ளும். நடுவில் ஒரு வெற்று மேற்கோள் ஜோடியை வைத்தால் சமாதானமாகும். மேக்கில் கட்டளைகளை வாங்கி நடத்தும் பாஷ் கூட ஒரு பழைய பதிப்போடு நின்றுபோனது; அடுத்த பதிப்பின் உரிமம் ஆப்பிளுக்கு ஒத்துவரவில்லை. 2019-இல் இயல்பிருப்பை இஸட்ஷெல்லுக்கு மாற்றிவிட்டார்கள்.

விண்டோஸில் பவர்ஷெல் உண்டு. அது மோசமான கருவி இல்லை. ஒருவகையில் மற்றவற்றைவிடப் புத்திசாலி. யுனிக்ஸில் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குள் பாய்ச்சும் ‘பைப்’ 1973-இல் வந்தது. அதை வற்புறுத்திய டக் மெக்கில்ராய் 1964-லேயே தோட்டத்து ரப்பர் குழாயை உவமை சொன்னார். வீரவநல்லூர்க்காரராக இருந்திருந்தால் கன்னடியன் கால்வாயைச் சொல்லியிருப்பார். யுனிக்ஸ் பைப்பில் ஓடுவது வெறும் எழுத்து. பவர்ஷெல்லிலோ ஒவ்வொன்றும் தன் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு போகும்.

ஆனால் விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல், முன்குறியில்லாத யுடிஎஃப்-8 கோப்பைத் திறந்தால் அது தமிழ் என்று நம்பாது. மேற்கத்தியக் குறியீட்டில் வாசித்துவிடும். சித்தப்பாவின் பட்டியலில் தலையில் கோடு போட்ட ‘ஏ’-க்களும், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுதிய குறிகளும் வரிசை கட்டின. பாபநாசத்திலிருந்து ஆத்தூர் வரை நதிக்கரை முழுவதையும் யாரோ வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டதைப் போலிருந்தது. “இது எந்த ஊர் பாஷைலே?” என்று கேட்டார் சித்தப்பா. ஏழாம் பதிப்பு பவர்ஷெல்லை நிறுவிய பிறகுதான் சேரன்மகாதேவி கண்ணில் பட்டது. இந்தத் தொல்லைக்கு ஒரு சுற்றுவழியும் உண்டு. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர். 2016-இல் அதே நிறுவனம் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைத் திரையைக் கொண்டுவந்து வைத்தது. பொறியாளர் பாதி நாள் அதற்குள்தான் இருக்கிறார்.

வேலை முடிந்தும் அவருக்குக் கை ஓயவில்லை. திருநெல்வேலி என்ற பெயருக்கு எத்தனை எழுத்து என்று கணினியையே கேட்டார். ‘டபிள்யூசி’ கருவி பைட்டுக் கணக்கில் 36 என்றது. குறியீடுகளாக எண்ணச் சொன்னால் 12. பவர்ஷெல்லும் நீளம் 12 என்றே சாதித்தது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனி ஆள்தான். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பைக் கேட்ட பிறகே 6 வந்தது. ‘ரெவ்’ என்ற கருவியிடம் பெயரைத் திருப்பிப் போடச் சொன்னார். கடைசி இகரக் குறி எழுத்தைவிட்டுக் கழன்று முன்னால் வந்து தனியே நின்றது. அதன் பின்னால் ‘லேவ்லெநுரித’. கேட்டால் ரஷ்ய விஞ்ஞானியின் பெயர் என்று நம்பலாம்.

சித்தப்பாவுக்கு இன்னொரு வேலை மிச்சம். பட்டியல் அகர வரிசையில் வேண்டும். ‘சார்ட்’ அதைக் குறியீட்டு எண்களின்படி அடுக்கியது. யூனிகோடில் ‘ன’ முன்னால், ‘ற’ பின்னால். தமிழ் நெடுங்கணக்கிலோ ‘ற’ முடிந்துதான் ‘ன’. ஆக மாறாந்தைக்கு முன்னால் மானூர் போய் உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சிவப்பு மையால் இரண்டு அம்புக்குறி போட்டார். மாறாந்தைக்காரர்களுக்கு விஷயம் இன்னும் தெரியாது.