கேமரா வாங்கப் போகிறவர்

சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டியில் கேமரா வைத்திருப்பவர்கள் சிலர். கேமரா வாங்கப் போகிறவர்கள் பலர். முதல் வகையினரைக் கல்யாண மண்டபத்தில் யாரும் கண்டுபிடித்துவிடலாம்; இரண்டாம் வகையினரை அறியக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இவர் பெரும்பாலும் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுபவராகவோ, சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்ப்பவராகவோ இருப்பார். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் யாராவது போனில் எடுத்த பேரக்குழந்தையின் படத்தைக் காட்டினால், எல்லாரும் குழந்தையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் குழந்தையின் காதுக்குப் பின்னால் பார்ப்பார். "பேக்ரவுண்டு ஒழுங்கா மங்கலை, பாத்தீங்களா அண்ணாச்சி? சென்சார் சின்னது" என்பார். முழு அளவு சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர் என்பது அவருக்குத் தன் குழந்தையின் பிறந்த நாளைவிட நன்றாக நினைவிருக்கும். சோனியின் குவிய வேகம், கேனனின் தோல் நிறம், நிக்கானின் கைப்பிடி, ஃபூஜியின் பழைய அழகு என்று நான்கு கட்சியின் கொள்கை விளக்கமும் அத்துபடி. குட்டி ஜப்பான் என்று நேரு பட்டம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் வட்டாரத்தில் பிறந்துவிட்டு, பெரிய ஜப்பானின் நிலவரம் தெரியாமல் இருந்தால் எப்படி?

இவர் வாங்கும் நாள் எப்போதும் அடுத்த பருவத்தில் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்கும்போது, "போனஸ் வரட்டும், வாங்கிரலாம்" என்பார். ஆயுத பூஜைக்குத் தள்ளுபடி வரும். ஆனால் போனஸ் வந்திருக்காது. தீபாவளிக்குப் போனஸ் வரும். வந்தவுடன் தீபாவளியும் முடிந்துவிடும். "இனிமே எடுக்கறதுக்கு என்ன இருக்கு? பொங்கலுக்குப் புது மாடல் வருதாம்" என்பார். பொங்கலுக்கு மாடல் வரும். அதன் விலை குறையட்டும் என்று சித்திரைவரை காத்திருப்பார். சித்திரையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் குறுக்கே நிற்கும். பிறகு ஆடி வந்துவிடும். ஆடியில் புதுப்பொருள் வாங்கலாமா கூடாதா என்பதில் அவர் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு.

இவரைக் கஞ்சன் என்கிறார்கள், சோம்பேறி என்கிறார்கள். இரண்டும் தப்பு. கஞ்சன் விலை கேட்டவுடன் எழுந்து போய்விடுவான். இவர் உட்கார்ந்து வாரன்டிவரை விசாரிப்பார். சோம்பேறிக்கு 600 மில்லிமீட்டர் லென்ஸின் எடை தெரிந்திருக்க நியாயமில்லை. இவருக்கு உள்ள குறை வேறு: மோசமான படம் எடுக்கப் பயம். வாங்காத கேமராவில் குவியம் தப்புவதில்லை, தலை வெட்டுப்படுவதில்லை, யாரும் கண்ணை மூடுவதில்லை. கையில் ஒன்று வந்துவிட்டால், முதல் நூறு படங்களில் தொண்ணூறு கண்றாவியாக இருக்கும் என்பது அவருக்கு உள்ளூரத் தெரியும். அந்தத் தொண்ணூறைத் தள்ளிப்போடும் வழிதான் இந்த ஆராய்ச்சி எல்லாம்.

வேடிக்கை என்னவென்றால், தன் தொழிலில் இவர் இப்படி நடப்பதில்லை. பேன்சி ரகத்தில் புதிதாக ஒன்று செய்கிறார்கள் என்றால், மருந்துக் கணக்கைக் காகிதத்தில் பார்த்துவிட்டு எந்தப் போர்மேனும் பெட்டி பெட்டியாகப் போடச் சொல்வதில்லை. கொஞ்சமாகக் கலந்து, நாலைந்து செய்து, இருட்டியபிறகு வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கிறார்கள். உயரம் போதவில்லை, கலர் வெளுத்துவிட்டது, திரி சீக்கிரம் எரிகிறது என்று குறை கண்டு மறுபடி செய்கிறார்கள். முதல் சாம்பிள் சொதப்பியதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. 1920களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றதும் பட்டறையில் நின்று பார்த்துத்தான். செய்து கெடுத்துக் கற்பதே வழக்கமாக உள்ள ஊரில், ஒளிப்படம் ஒன்றை மட்டும் படித்து முடித்த பிறகு தொடங்க வேண்டிய காரியமாக எப்படி ஆக்கினார்கள்?

இந்த ஊரின் முதல் பெரிய காட்சி வாணவேடிக்கை. அதை எடுக்க என்ன வேண்டும் என்று பார்த்தால் நம்மவர் வைத்திருக்கும் பட்டியலின் பாதி விழுந்துவிடும். இருட்டிலும் துல்லியமாகப் பிடிக்கும் தானியங்கிக் குவியம் வேண்டும் என்பார். வாணவேடிக்கைக்கு அதை அணைத்துவிட்டு, தூரத்து விளக்கு ஒன்றின்மேல் கையால் குவியத்தை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. ஒரு லட்சம்வரை போக வேண்டும் என்பார். இதற்குத் தேவை 100. எஃப் 1.2 லென்ஸ் இல்லாமல் இரவில் எடுக்கவே முடியாது என்பார். இங்கே வைக்க வேண்டியது எஃப் 8, இல்லையென்றால் 11. நொடிக்கு முப்பது படம் என்பார். இது ஒரு படத்துக்கே மூன்று நான்கு நொடி கேட்கும். ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தால் பூவின் கோடுகள் அதற்காகப் பிரகாசமாகிவிடுவதில்லை. ஓடும் பொறி ஒரு புள்ளியைக் கடந்து போய்விடுகிறது. அது எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதை அப்பர்ச்சரும் ஐ.எஸ்.ஓ.வும் தீர்மானிக்கின்றன. எத்தனை பூ ஒரே படத்தில் விழும் என்பதுதான் நேரத்தின் கையில். அளவு மிஞ்சினால் ஸ்ட்ரான்ஷியச் சிவப்பும் செம்பு தரும் நீலமும் நடுவில் வெளுத்து வெள்ளையாகிவிடும். பேரியப் பச்சையும் அப்படித்தான். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்குத் தடை போட்டதிலிருந்து, பச்சை என்றாலே ஆலைக்காரர்களுக்குப் பெருமூச்சு வரும் என்பது வேறு கதை. எந்த உப்பு எந்தக் கலர் என்று தெரிந்தவருக்கு, எங்கே கலர் செத்துவிட்டது என்பதும் படத்தைப் பார்த்தவுடன் தெரியும். சென்னைக்காரர் வகுப்புக்குப் போய்க் கற்பதில் பாதியை இவர் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றிருக்கிறார். மீதியைக் கற்பிக்க ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டி போதும். முக்காலியில் கேமராவை வைத்து, ஷட்டரைப் பத்து நொடி திறந்து, பையனை எதிரே நிறுத்தி மத்தாப்பால் காற்றில் 'அ' எழுதச் சொல்ல வேண்டும். முதல் தடவை எழுத்து இடம் வலம் மாறி விழும். இரண்டாம் தடவை பையன் வெளிச்சத்துக்கு நடுவில் பேயாகத் தெரிவான். ஏன் என்று இரண்டு பேரும் யோசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கற்றுக்கொள்வது, மூன்று மணி நேர ஒப்பீட்டு வீடியோவில் கிடைக்காது.

மெகாபிக்சல் விஷயத்தில் அச்சகத்துக்காரர் தடுமாறுவதுதான் இன்னும் அதிசயம். நல்ல ஆப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி இருந்தால் போதும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றவர் அவர். அந்தக் கணக்கில் 24 மெகாபிக்சல் படம் இருபது அங்குல நீளத்துக்கு நிற்கும். 2008இல் வந்த கேனன் 1000டி பத்து மெகாபிக்சல்தான். அதுவே ஒரு ஏ4 தாளை நிறைக்கும். "45 இருந்தா பின்னாடி வெட்டிக்கிடலாம்ல?" என்பார். வெட்டுவதற்காக வாங்குவது துணிக்கடை நியாயம். அவர் எடுக்கப்போகும் படங்களில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குத்தான் போகும். அங்கே வழக்கமான முறையில் ஏற்றினால் ஏறக்குறைய இரண்டு மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும். அக்ஃபா கிளிக் 3 என்ற பெட்டிக் கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், வெயிலா மேகமா என்று ஒரு முடிவு, அவ்வளவுதான். அந்தக் காலத்துக் குடும்ப ஆல்பங்களில் பின்னணி மங்கவில்லை என்று எந்தப் பாட்டியும் புகார் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் அவரிடம் பதில் இல்லாமல் இல்லை. மாதச் சம்பளக்காரர் ஐம்பதாயிரம் அறுபதாயிரத்தைத் தூக்கிப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசனை அவரை எப்போதும் இன்னும் விலை கூடிய மாடலுக்கே கூட்டிப் போகிறதே தவிர, ஒருநாளும் கீழே இறக்கியதில்லை. சிக்கனமாக யோசித்தவர் என்றால் ஸ்டுடியோக்காரரிடம் போயிருப்பார். கல்யாணம் எடுப்பவர்கள் கண்ணாடி இல்லாத மிரர்லெஸுக்கு மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, பழைய டி.எஸ்.எல்.ஆர்.கள் மலிவாகக் கைமாறுகின்றன. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று இரண்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற மாட்டார். போனே போதாதா என்ற வாதத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் போன் சத்தமில்லாமல் பல படங்களை எடுத்து, தானே ஒட்டி, தானே முடிவு செய்து கொடுக்கிறது. படம் வேண்டும் என்பவருக்கு அது பெரிய உதவி. எடுக்கக் கற்க வேண்டும் என்பவரிடமிருந்து அது வேலையையே பிடுங்கிக்கொள்கிறது.

"இந்தக் கரிசக்காட்டுல எடுக்கறதுக்கு என்னண்ணே இருக்கு?" என்பது கடைசிக் கேடயம். அவருடைய திட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டுச் சாம்பல் அணில் இருக்கிறது. காம்பவுண்டு சுவரில் தினமும் ஓடும் சாதா அணில் இல்லை. வேலைக்கூடத்துக்குள் கேமராவும் செல்போனும் போகக் கூடாது என்பது உயிர் காக்கும் விதி, அதில் பேச்சில்லை. ஆனால் வேலை விட்டு வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கையில் அலுமினியத் தூள் நகக்கண்வரை வெள்ளியாக மின்னுவதை மறைக்கச் சட்டம் எதுவும் இல்லை, கேட்டுக்கொண்டு எடுக்கலாம். வைப்பாற்றங்கரையில், 2022 முதல் அகழாய்வு நடந்த வெம்பக்கோட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மதுரை ஒளிப்படக்காரரான எம். பழனிகுமார் மீன் விற்ற தன் தாயைப் படமெடுத்தவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்படப் பரிசு முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது. தாயை எடுக்கப் பாஸ் வாங்கிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

தேர்ந்தெடுப்பதே ஒரு சுகம், அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கிறது. காசு செலவில்லாத சுகம், யாருக்கும் தொந்தரவில்லை, டீக்கடைக்கு வியாபாரம். ஊரில் யார் கேமரா வாங்கினாலும் இவரைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள், இவர் சொன்னது தப்புவதும் இல்லை. ஆனால் அவர்களெல்லாம் படங்களைக் கொண்டுவந்து காட்டும்போது இவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால், அந்தச் சுகம் அவ்வளவு முழுசானதாகத் தெரியவில்லை. அதனால் பழைய 1000டி ஒன்றும் ஒரு முக்காலியும் ஸ்டுடியோவில் இருப்பதை எடுத்துச் சொல்லி, இந்தத் தீபாவளிக்கே ஆரம்பிக்கலாமே என்றால், கவனமாகக் கேட்டுக்கொள்வார். தலையையும் ஆட்டுவார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரிண்ணே, அதுக்கு ஒரிஜினல் பேட்டரி இப்ப வருதான்னு பாத்துட்டுச் சொல்லட்டுமா?" என்பார்.