ஔவையார் வந்தார், ஒளி போனது

எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் இணையதளம் ஒன்று உண்டு. பாடக்குறிப்பு, வினாத்தாள், பயிற்சித்தாள் எதுவானாலும் அதில் ஏற்றி வைப்போம், வேண்டியவர்கள் இறக்கிக்கொள்வார்கள். ஏற்றுவது பத்துப் பேர், இறக்குவது ஊரே. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறையில் சும்மா இருக்கத் தெரியாத கணக்கு வாத்தியார் தம்பி ஒருவர் அதைப் புதுப்பித்துவிட்டார்.

கோப்புகளுக்கு நட்சத்திரம் போடலாம் என்றார். காலமெல்லாம் நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டுப் பழகிய கை, ஐந்துக்கு ஐந்து போடுமா? அரை நட்சத்திரம் குறைக்க வழியில்லையே என்பதுதான் எல்லாருடைய மனக்குறை.

அடுத்தது தேடல். முன்பு அது கோப்பின் பெயரை மட்டும்தான் பார்க்கும். எங்கள் கோப்புகளுக்குப் பெயரோ 'புதியது', 'புதியது 2', 'இறுதி', 'இறுதி திருத்தியது'. இனி கோப்பின் உள்ளே நுழைந்தே தேடுமாம். "எதை வேணும்னாலும் தேடிப் பாருங்க ஐயா" என்றார் தம்பி.

நான் தமிழாசிரியன். 'ஔவையார்' என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது. இலக்கிய வரலாறு ஒன்றுக்கு மேற்பட்ட ஔவையார்களைக் காட்டுகிறது; எங்கள் தளத்தில் ஒருவர்கூட இல்லை.

தம்பி ஆராய்ந்தார். பாதிக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அதில் 'தமிழ்' என்பது கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. சேதி எங்கள் பென்டிரைவ்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அதையாவது மன்னிக்கலாம். யூனிகோடில் அடித்த மீதிக் கோப்புகளிலும் ஔவையார் இல்லையே?

இருந்தார், மாறுவேடத்தில். யூனிகோடில் ஔ-வுக்கு எண் 2964. கோப்புகளில் இருந்ததோ 2962-ம் 2995-ம். அதாவது ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஔ, கணினிக்கு 'ஒள'. "எந்தப் புண்ணியவான் இப்படி அடிச்சது?" என்று கொதித்தேன். தம்பி பதில் சொல்லாமல், ஏற்றியவர் பெயரைச் சுட்டிக்காட்டினார். தட்டச்சு வகுப்பில் நான் பழகியது அப்படித்தான். பையன்கள் அப்படி எழுதினால் மட்டும் அரை மதிப்பெண் குறைப்பேன்.

தம்பி ஒரே வரியில் வைத்தியம் பார்த்தார்: கோப்புகளில் எங்கெல்லாம் ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து வருகின்றனவோ, அங்கெல்லாம் ஔ ஆக்கு. ஆக்கியது. பதினேழு கோப்புகளில் ஔவையார் வந்து நின்றார். நான் அகமகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் போட்டேன், என் கோப்புக்கு.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் அறிவியல் டீச்சர் போன் செய்தார். "ஐயா, ஒளியைக் காணோம்."

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் முழுப் பாடம். திறந்து பார்த்தால் தலைப்பில் ஒரு ஔ. அதன் பக்கத்தில், ஒட்டிக்கொள்ள எழுத்து கிடைக்காத இகரக் கொக்கி ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒளிவிலகல், ஒளிச்சிதறல் எல்லாவற்றுக்கும் அதே கதி.

தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு இலக்கணம் கைகொடுத்தது. "தம்பி, ள-வோட கொக்கியோ காலோ புள்ளியோ ஒட்டியிருந்தா தொடாதீங்க. சொல்லுக்கு முதல்ல ஒ வந்து, அடுத்து வெறும் ள நின்னா மட்டும் ஔ." இருபத்திரண்டு வருட வேலையில் நான் சொன்ன இலக்கண விதியை ஒருவர் உடனே எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நன்னூலில் இல்லாத நூற்பா என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க நடையே கொஞ்சம் மாறிவிட்டது.

ஒளி திரும்பியது, ஔவையாரும் போகவில்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் அழைத்தார்.

"ஐயா, வௌவாலைத் தேடுறேன், வரவே மாட்டேங்குது."

வெ போட்டு, ள போட்டு, வால் போட்டிருப்பார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

"பகல்ல வராதும்மா," என்றேன். "ராத்திரி தேடிப் பாருங்க."