எழுபத்திரண்டால் வகுபடாதவை: மிக்-21 சிற்றுரு குறித்து ஓர் ஆய்வு

பெரிய விமானத்தைச் சின்னதாக்குவது வெறும் வகுத்தல் கணக்கு என்றே பலரும் நம்பி வருகின்றனர். ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய கிட்டின் அட்டைப்பெட்டி மேல் 1/72 என்று அச்சிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் 72ஆல் வகு, ஒட்டு, பெயின்ட் அடி, முடிந்தது வேலை என்பது அவர்கள் துணிபு. அத்துணிபு பிழையென நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், இந்திய விமானப்படையில் 1963இல் சேர்ந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21.

அஃதென்ன 72? நூறு என்று வைத்திருந்தால் கணக்குப் போடச் சுகமாக இருக்குமே எனின், அற்றன்று. ஆறடி ஆளை ஓர் அங்குலமாக்கினால் 72 வந்துவிடும். 1930களில் பிரிட்டனில் சிற்றுரு விமானம் விற்றவர்கள் அடியும் அங்குலமுமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் வைத்ததே இன்றைக்கும் சட்டம். இதன்படி மிக்-21இன் 7.15 மீட்டர் இறக்கை விரிவு, 10 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக வந்து நிற்கிறது. இதுவரை பழுதில்லை. தகராறு இனிமேல்தான்.

விமானத்தின் தகடுகள் கூடுமிடத்துக் கோடுகளை எடுத்துக்கொள்வோம். கிட்டில் அந்தக் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், ‘ஆஹா, என்ன நயம்’ என்று மாடலர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அதை 72ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர். விரல் நுழையும் சந்தோடு ஒரு போர் விமானம் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் போனால் என்ன ஆகும் என்று கேட்பாரில்லை. போதாக்குறைக்கு, கோடு எடுப்பாகத் தெரியட்டும் என்று அதில் கரும்பழுப்புச் சாயத்தை வேறு ஓடவிட்டுத் துடைக்கிறார்கள். இதில் இரு மதங்கள் உள. கோடு தெரியவேண்டும் என்பார் ஒருசாரார். பத்தடி தள்ளி நின்றால் உண்மை விமானத்திலேயே தெரியாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கலாகாது.

அடுத்தது தூசி. வார்னிஷ் ஈரமாக இருக்கையில் இறக்கைமேல் வந்து படியும் 0.07 மில்லிமீட்டர் தலைமுடி, கணக்குப்படி ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு. அதை எடுக்கப்போகும் கட்டைவிரல், இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தாலும், ஒன்றரை மீட்டர் அகலத்தில் விமானத்தின்மேல் இறங்குகிறது. பகைவர் ஏவுகணையால் விளையாத சேதம் இவ்விரலால் விளைந்துள்ளது.

எடையிலோ 72 மட்டும் போதாது. மும்முறை வகுக்க வேண்டும். 8,700 கிலோ விமானம் 3,73,248ஆல் வகுபட்டு 23 கிராம் ஆகிறது. ஆனால் சிற்றுருக்களுக்கு வால் கனம் என்றொரு பிறவி நோய் உண்டு. மூன்று சக்கரத்தில் நிற்கவேண்டியது, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாலில் குந்திவிடும். மருந்து, மூக்கில் பாரம் வைத்தல். மிக்-21க்கு மூக்கே காற்று புகும் வாய். பாரம் வைக்க இருக்கும் நல்ல இடம் நடுவிலுள்ள கூம்பு மட்டுமே. உண்மை விமானத்தில் ராடார் இருக்கும் அந்த இடத்தில் நாம் தூண்டில் ஈயக்குண்டைத் திணிக்கிறோம். ஐந்து கிராம் ஈயம், அளவைப் பெருக்கிப் பார்த்தால், 1,866 கிலோ. இத்துணைக் கனத்த ராடாரை மூக்கில் சுமக்கும் போர் விமானம் எந்த வல்லரசிடமும் இல்லை.

இனி மாற்றியமைத்தல். உள்ளதை உள்ளபடி ஒட்டுவோர் கடைநிலை மாணாக்கர். கிட்டில் இல்லாததைச் செய்வோரே புலவர் எனப்படுவர். சாதா மிக்-21ஐ இந்தியாவின் பைசன் ரகமாக்க வேண்டுமா? விமானியின் முன்கண்ணாடி மூன்று துண்டாக இருப்பதை ஒரே வளைவாக்க வேண்டும். சட்டக்கோடுகளை உப்புத்தாளால் தேய்த்ததும் கண்ணாடி புரை விழுந்த கண்போல் மங்கிவிடும். பதறலாகாது. வாட்டர் பேப்பரை மேலும் மேலும் நைஸாக மாற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முடிவில் துணியில் பற்பசை தடவி மெருகேற்றினால் பார்வை திரும்பும். வெள்ளைப் பற்பசையே ஏற்றது. ஜெல் ஆகாது என்பது துறையறிந்தோர் முடிபு.

பிடோட் குழாய்க்கென்று தனி இயலே எழுதலாம். வேகம் அறிவதற்காக மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி அது. எஃப்-13 ரகத்தில் மூக்கின் அடியிலிருந்தது, எஃப்எல் ரகத்தில் மேலே நடுவுக்கு ஏறி, பிஸ் ரகத்தில் வலப்பக்கம் ஒதுங்கியது. இடம் தவறினால் ரகமே தவறு. கண்காட்சியில் யாராவது ஒருவர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமுவார். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடித்து வளைந்திருக்குமாதலால், அறிந்தோர் அதை வெட்டியெறிந்துவிட்டு ஊசி மருந்து ஏற்றும் ஊசிகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைக்கின்றனர். மருந்துக்கடையில் சிரிஞ்சு வேண்டாம், ஊசி மட்டும் போதும் என்றால், “பேஷன்ட் யாரு சார்?” என்ற வினா எழும். மிக்-21 என்று விடையிறுப்பது ஆய்வு நேர்மையாகும், ஊசி கிடைக்காது.

கடைசியாகப் புவியீர்ப்பு. இதுவும் 72ஆல் வகுபட மறுப்பது. ஒன்றரை மீட்டர் உயர அலமாரியிலிருந்து ஒட்டடைக் கம்பு பட்டு விழும் சிற்றுரு, நொடிக்கு 5.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. 72ஆல் பெருக்க, 390 மீட்டர். ஒலியின் வேகம் 340 சொச்சமே. ஆகவே அலமாரியிலிருந்து விழும் ஒவ்வொரு மிக்-21உம் ஒலியை முந்தியே விழுகிறது என்பது பெறப்படும். நேரத்தையும் அளவுக்கேற்ப மாற்ற வேண்டாமா என்று இயற்பியல் படித்தோர் கேட்பர்; அவர்களுக்குச் சிற்றுருவின்மேல் டிக்கால் என்னும் சின்னங்களை ஒட்டத் தெரியாது. ஒரே குறை, இச்சாதனையைக் கருவிகொண்டு உறுதிசெய்ய வழியில்லை. வேகத்தை அளக்க இருப்பது பிடோட் குழாய். விழுந்ததும் முதலில் பெயர்ந்து பீரோவுக்கு அடியில் ஓடுவதும் அதுவே.