பாயும் பலகையும் பஞ்சாயத்தும்

ஒரு பலகை. அதன் மேல் ஒரு பாய்மரம். பாயைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தபடி ஓர் ஆள். விண்ட்சர்ஃபிங் என்பது மொத்தமே இவ்வளவுதான். இன்ஜின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, காற்றுக்கு மீட்டர் கிடையாது. இதில் போய் யார் என்ன வம்பு பண்ணிவிட முடியும் என்று கேட்பவர்கள் மனித குலத்தோடு அதிகம் பழகாதவர்கள். ஒலிம்பிக்ஸுக்குள் இந்த விளையாட்டு நுழைந்தது 1984ல். அன்று முதல் இன்று வரை, அதற்கு முந்தைய கால் நூற்றாண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கடலில் நடந்த சண்டையைவிடக் கரையில் நடந்த சண்டைதான் பெரிது.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிடுவோம்.

கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக் என்று ஒரு விமான இன்ஜினியர். ஓய்வு நேரத்தில் பாய்ப்படகு ஓட்டுவார். ஹாய்ல் ஷ்வைட்சர் என்று அவருக்கு ஒரு நண்பர், கம்ப்யூட்டர் தொழிலில் இருந்தவர், அலைச்சறுக்குப் பைத்தியம். ஒருவருக்குக் காற்று இல்லாமல் ஆகாது, மற்றவருக்கு அலை இல்லாமல் ஆகாது. இரண்டு பேரும் பேசிப் பேசி, 1967ல் மரினா டெல் ரே என்ற துறையில், பலகையில் பாய் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். 1968ல் காப்புரிமைக்கு மனு. 1970 ஜனவரியில் காகிதம் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, கட்டுமரத்தில் பாய் கட்டினவன் தமிழன், ஆகவே, என்று தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன். கட்டுமரத்தில் பாய்மரம் நட்டது நட்டபடி நிற்கும். இங்கே பலகையையும் மரத்தையும் இணைப்பது எல்லாப் பக்கமும் மடங்குகிற ஒரு மூட்டு. கையை விட்டால் பாய் தொபீரென்று தண்ணீரில் படுத்துக்கொள்ளும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறு, கம்பம் எல்லாமே ஓட்டுகிறவர்தான். சுக்கானும் கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகும், பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கண்டுபிடிப்பு என்பது அந்த மூட்டு. வழக்குகளும் பெரும்பாலும் அந்த மூட்டைச் சுற்றித்தான்.

கொஞ்ச காலத்தில் டிரேக் தன் பாதி உரிமையை ஷ்வைட்சரின் கம்பெனிக்கு 36,000 டாலருக்கு எழுதிக்கொடுத்தார். விமானம் பறக்கிற கணக்கெல்லாம் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் ஐரோப்பாவில் பலகை ஜுரம் பரவியது. ஹாலந்தில் டென் காட்டே என்ற நெசவுக் கம்பெனி உரிமம் வாங்கி, பலகைகளை மூட்டை மூட்டையாக விற்றது. ஜெர்மன்காரர்கள் காரின் கூரை மேல் பலகையைக் கட்டிக்கொண்டு ஏரி ஏரியாக அலைந்தார்கள். அலையே இல்லாத ஏரியில் அலைச்சறுக்குப் பலகை! அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

சொத்து சேர்ந்தால் பங்காளி முளைப்பது இயற்கை.

பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்று ஒருவர், போர்டு எழுதும் ஓவியர். 1964லேயே மடங்குகிற மூட்டோடு பலகை செய்து ஓட்டிவிட்டார். அடுத்த வருடம் ஆகஸ்ட் மாத 'பாப்புலர் சயன்ஸ்' இதழில், இதை நீங்களே செய்துகொள்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியும்விட்டார். அவருடைய பாய் பட்டம் மாதிரி இருக்கும். ஓட்டுகிறவர் பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் தூணில் சாய்ந்து நிற்பவர் மாதிரி நிற்க வேண்டும். வாங்க ஆள் அதிகம் வரவில்லை. காப்புரிமைக்குப் பணமும் இல்லை. உலகத்துக்கே செய்முறை சொல்லிக்கொடுத்த மனிதர், பத்திரிகையில் பெயர் வந்ததோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் அவர் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

அவரைவிடப் பெரிய பங்காளி இங்கிலாந்திலிருந்து வந்தார். வந்தபோது பெரியவர்தான். ஆனால் சம்பவம் நடந்தபோது அவருக்கு வயது 12. பீட்டர் சில்வர்ஸ் என்ற அந்தப் பையன் 1958ல் ஹேலிங் தீவுக் கரையில், தானே ஒட்டிச் செய்த பலகையில் பாய் நட்டு விளையாடியிருக்கிறான். பையன் விளையாடினான், அம்மா கூப்பிட்டிருப்பாள், சாப்பிடப் போயிருப்பான், கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஷ்வைட்சரின் கம்பெனி பிரிட்டனில் டேபர் மரீன் என்ற கம்பெனி மேல் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அந்தப் பழைய விடுமுறையைத் தோண்டி எடுத்துக் கோர்ட்டில் வைத்துவிட்டார்கள்.

எங்கள் பலகையில் பாயைப் பிடிக்கிற பூம் வில் மாதிரி வளைந்தது, பையனுடையது நேரான குச்சி, இரண்டும் ஒன்றா என்று கேட்டது ஷ்வைட்சர் தரப்பு. அந்தக் குச்சியும் காற்றடித்தால் வளையத்தானே செய்யும் என்றது நீதிமன்றம். 1985ல் மேல்முறையீட்டிலும் பிரிட்டன் காப்புரிமை காலி. இதில் வேடிக்கை, ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதுசா, எவனுக்கும் தோன்றக்கூடியதா என்று எடைபோட இங்கிலாந்து வக்கீல்கள் இன்றும் விண்ட்சர்ஃபிங் வழக்கைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். தண்ணீரில் கால் நனைக்காத எத்தனையோ பேருக்கு அந்தப் பலகை இன்னும் சோறு போடுகிறது.

பெரியவர்கள் இப்படி மூட்டுக்காக மல்லுக்கு நின்ற காலத்தில், 1976ல் பஹாமாஸில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஹவாயிலிருந்து வந்த ராபி நாயிஷ் ஜெயித்தார். வயது 13. ஹேலிங் தீவுக் கரையில் விளையாடிய சில்வர்ஸைவிட ஒரு வயது மூத்தவர், அவ்வளவுதான். இந்த விளையாட்டில் விவரமானவர்கள் எல்லாம் அரை டிக்கெட்டுகளாகவே இருந்திருக்கிறார்கள். பின்னாளில் நாயிஷ்தான் இந்த விளையாட்டின் சூப்பர் ஸ்டார். ஆனால் ஒலிம்பிக்ஸ் பதக்கப் பட்டியலில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அவர் பெயர் கிடைக்காது.

1984, லாஸ் ஏஞ்சல்ஸ். டிரேக்கும் ஷ்வைட்சரும் பலகையை முதலில் மிதக்கவிட்ட அதே நகரத்துப் பக்கம், லாங் பீச் கடலில் முதல் ஒலிம்பிக்ஸ் போட்டி. ஷ்வைட்சருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். படகுப் போட்டிச் சங்கத்தார் தேர்ந்தெடுத்தது ஆஸ்டர்மான் என்ற ஜெர்மன்காரரின் விண்ட்கிளைடர் பலகையை! சொந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்கு மேளம் அசலூரிலிருந்து. மனிதர் சும்மா இருப்பாரா? நியூயார்க் கோர்ட் வரை போனார். போட்டி என்னவோ விண்ட்கிளைடரில்தான் நடந்தது. ஹாலந்தின் ஸ்டீஃபன் வான் டென் பெர்க் தங்கம் வாங்கினார்.

அன்று பிடித்தது ஒரு வியாதி. பலகையை மாற்றுகிற வியாதி. 1988ல் டிவிஷன் டூ. 1992ல் லெக்னர், 390 சென்டிமீட்டர் நீளம், ஒரு ஆளைப் படுக்கவைத்தாலும் காலடியில் இன்னும் நாலு முழம் மிச்சமிருக்கும். 1996 முதல் மிஸ்ட்ரல். 2008 முதல் ஆர்எஸ்எக்ஸ், 286 சென்டிமீட்டர். 2024ல் ஐக்யூஃபாயில், 220 சென்டிமீட்டர், அதுவும் தண்ணீரிலேயே படாமல் அடியில் ஒரு இறக்கை மேல் எழும்பி அந்தரத்தில் போகிறது. படகுப் போட்டிச் சங்கத்தார் விடாமல் சுருக்கிக்கொண்டே போனால் ஒருநாள் வீரர்கள் மணைப் பலகையில் நிற்க வேண்டியிருக்கும்.

இத்தனை மாற்றத்திலும் அசராத குடும்பம் நியூசிலாந்தின் கெண்டால் குடும்பம். அண்ணன் புரூஸ் 1984ல் வெண்கலம், 1988ல் தங்கம். பெண்களுக்கென்று தனிப் போட்டியே 1992ல்தான் வந்தது. வந்த முதல் முறையே தங்கை பார்பரா தங்கத்தை அள்ளினார். 1996ல் வெள்ளி, 2000ல் வெண்கலம். பலகையைச் சங்கம் மாற்றியது, பதக்கத்தின் நிறத்தை அம்மையார் மாற்றினார்.

1996ல் அந்த வெள்ளியை அவர் கையில் திணித்தவர் ஹாங்காங்கின் லீ லாய் ஷான். சுங் சாவ் என்ற குட்டித் தீவில் வளர்ந்தவர், மாமா கற்றுக்கொடுத்த வித்தை. ஹாங்காங்குக்கு அதுதான் முதல் ஒலிம்பிக்ஸ் தங்கம். அடுத்த வருடமே ஊர் சீனாவிடம் போய்விட்டது. ஆகவே பிரிட்டிஷ் ஹாங்காங்குக்கு முதலும் கடைசியும் அந்த ஒன்றுதான். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் குடியிருந்துவிட்டு, காலி பண்ணுகிற நேரத்தில் குடித்தனக்காரருக்கு லாட்டரி விழுந்தது மாதிரி, மேடையில் ஒலித்தது பிரிட்டனின் தேசிய கீதம்.

2004 ஏதென்ஸில் ஒலிம்பிக்ஸ் ஜோதியை ஏற்றியவரே கிரேக்கப் பாய்ப்பலகை வீரர் நிகோலாஸ் காக்லமனாகிஸ், 1996ன் தங்கப்பதக்கக்காரர். சொந்த மண், சொந்தக் கடல், சொந்தக் காற்று. தங்கம் மட்டும் இஸ்ரேலின் கால் ஃப்ரிட்மனுக்கு. ஹீப்ரு மொழியில் கால் என்றால் அலை. பெயரிலேயே அலையை வைத்துக்கொண்டு வருகிறவரோடு ஜோதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இஸ்ரேலுக்கும் அது முதல் தங்கம். மறு வருடமே அந்தப் பதக்கத்தைத் திருடன் கொண்டுபோனான். பிறகு காட்டுக்குள் கிடந்தது. அடகுக் கடையில் யாரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிற நகை அல்ல அது என்பது திருடனுக்குத் தாமதமாக உறைத்திருக்க வேண்டும்.

ஆர்எஸ்எக்ஸ் காலத்துக் கூத்து ஒன்று உண்டு. காற்று இல்லாவிட்டால் பாயையே விசிறி மாதிரி வீசி வீசிப் பலகையை நகர்த்தலாம் என்று விதி. ஆண்களின் பாய் ஒன்பதரை சதுர மீட்டர். ஒரு சின்ன அறையின் தரை அளவு துணியை, பந்தயம் முழுக்க, இழு, விடு, இழு, விடு. கரண்ட் போன ராத்திரி பனையோலை விசிறி வீசியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். காற்றில் ஓடுகிற விளையாட்டு என்று பெயர், காற்று சப்ளை வீரர் பொறுப்பு.

2012 மே மாதம் வந்தது உச்சகட்டக் காட்சி. இத்தாலியில் உலகப் பாய்ப்படகுச் சங்கத்தின் கூட்டம். பாய்ப்பலகையை ஒலிம்பிக்ஸிலிருந்து தூக்கிவிட்டுக் காற்றாடிச் சறுக்கை (கைட்போர்டிங்) வைக்கலாமா? 19 பேர் ஆம், 17 பேர் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. கொஞ்ச நாளில் ஸ்பெயின் தரப்பிலிருந்து ஒரு குரல்: எங்கள் ஓட்டு குழப்பத்தில் மாறி விழுந்துவிட்டது. பஞ்சாயத்து போர்டு தேர்தலில் சின்னம் மாற்றிக் குத்திய பாட்டி சொல்கிற அதே சமாதானம். அந்த ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக்ஸில் பெண்கள் பாய்ப்பலகைத் தங்கம் யாருக்கு? ஸ்பெயினின் மரினா அலபாவுக்கு. நவம்பரில் அயர்லாந்தில் மறுபடி கூடி, மே மாதத் தீர்மானத்தைச் சுருட்டி வைத்தார்கள்.

டோக்கியோ பற்றி ஒரு வரி போதும். ஹாலந்தின் கிரான் பாட்லோ, கார்ட்டூன் நாயகன் ஆங் மாதிரி தலையை மழித்து நீல அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்து தங்கத்தை வாங்கிப் போனார். ஆங் காற்றை வசப்படுத்துகிறவன். வேஷம் வீண்போகவில்லை.

மார்செய் 2024ல் நடந்ததற்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பிரிட்டனின் எம்மா வில்சன், இவருடைய அம்மாவும் ஒலிம்பிக்ஸில் பாய்ப்பலகை ஓட்டியவர், நாள் கணக்கில் நடந்த தொடர் பந்தயங்களில் எல்லாரையும் வெகு பின்னால் தள்ளி முதலிடம். ஆகவே நேரே இறுதிப் போட்டிக்கு என்று உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் கால் இறுதி, அரை இறுதி என்று ஓட்டிச் சூடேறி வந்தார்கள். இறுதியில் மூன்று பேர், ஒரே பந்தயம், அதுவரை சேர்த்த புள்ளியெல்லாம் தண்ணீரோடு போச்சு. தங்கம் இத்தாலியின் மார்த்தா மாஜெத்திக்கு, வில்சனுக்கு வெண்கலம். ஊருக்கே சமைத்தவளுக்குப் பந்தியில் கடைசி இலை. அந்த விதியை எழுதியவர்கள் யாரும் பாய் பிடித்துக் கை காய்த்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் தீர்ப்பு. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

2028 ஒலிம்பிக்ஸ் மறுபடி லாஸ் ஏஞ்சல்ஸில். பாய்ப்பலகைக்கு மறுபடி லாங் பீச் கடல். ஷ்வைட்சரின் காப்புரிமை எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. ஆகவே கோர்ட் சம்மன் பயமில்லாமல் நிம்மதியாக டிவி முன்னால் உட்காருங்கள். ஒன்று மட்டும், புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கிறவர்தான் ஜெயித்தார் என்று அவசரப்பட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.