குறைந்தபட்சத் தகுதி: பத்தாம் வகுப்பு

அனுப்புநர்: பனியன் கம்பெனி செக்கிங் ஆள், குன்னத்தூர், திருப்பூர் மாவட்டம்.
பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், சென்னை.
பொருள்: தொகுதி 4 அறிவிக்கையில் பிழை திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளுக்குக் 'குறைந்தபட்சக் கல்வித்தகுதி: பத்தாம் வகுப்பு' என்று தங்கள் அறிவிக்கையில் ஒவ்வொரு முறையும் ஒரு பிழை அச்சாகிறது. பெருந்தன்மையான பிழைதான். ஆனால் எங்கள் லைனில் கைமடிக்கும் பெண்ணொருத்தி அதை நிஜமென்று நம்பிவிட்டாள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட். வெளியே வர ராத்திரி எட்டரை. கம்பெனி வண்டியில் சீட் கிடைத்தால் பொதுத்தமிழ் படிக்கிறாள். நின்றுகொண்டு வரும் நாளில் படிப்பு கிடையாது.

2018-ல் தாங்கள் தேர்வு நடத்திய 9,351 இடங்களுக்கு 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். அதில் 992 பேர் முனைவர்களாம். அடங்கல் எழுத இத்தனை ஆராய்ச்சி தேவைப்படும் என்று எங்களுக்குத் தெரியாதுங்க. அவர்களைக் குறை சொல்லவில்லை. 2019-ல் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கே பட்டதாரிகள், இன்ஜினியர்கள் உட்பட ஏழாயிரம் பேர் வந்தார்கள். பாவம், அவர்களும் எங்கேதான் போவார்கள்?

மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1973-லேயே பட்டத்தைப் பார்த்து ஆளெடுப்பதைப் பற்றி எழுதினார். 2001-ல் நோபல் பரிசில் பங்கும் வாங்கினார். படிப்பு ஆளைக் கெட்டிக்காரனாக்காவிட்டாலும் போகிறது, கெட்டிக்காரனுக்கு அதை முடிப்பது சுலபம், ஆகவே பட்டத்தைப் பார்த்தே முதலாளி ஆளை எடை போடலாம் என்பது அவர் கணக்கு. குன்னத்தூரில் அது இடிக்கிறது; இங்கே கெட்டிக்காரனுக்கும் முடிப்பது சுலபமில்லை. முதல் பட்டதாரிச் சலுகையில் பீஸ் குறையும்; நாலு வருஷம் வீட்டுக்கு வராத சனிக்கிழமைச் சம்பளத்தை யார் தருவது?

எங்கள் கம்பெனி வாசலில் 'ஓவர்லாக், பேட்லாக் டைலர் தேவை' என்று போர்டு தொங்கும். வருகிறவரிடம் சர்டிபிகேட் கேட்பதில்லை. ரெண்டு பீஸைக் கொடுத்து மிஷினில் உட்காரச் சொல்வார் சூப்பர்வைசர். தைத்ததை இழுத்துப் பார்ப்பார். தையல் விட்டால் போகச் சொல்லிவிடுவார். அஞ்சு நிமிஷ வேலை. அதே கட்டடத்தில் ஏசி ரூமில் உட்கார்ந்து ஷிப்மென்ட் தேதியை மெயிலில் அடிக்க மட்டும் டிகிரி வேண்டும். ஆகத் தங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லைதான்.

எனவே அடுத்த அறிவிக்கையில் இப்படித் திருத்தி அச்சிட வேண்டுகிறேன்: 'குறைந்தபட்சத் தகுதி: விண்ணப்பதாரரை ரெண்டு வருஷம் வேலைக்கு அனுப்பாமல் உட்காரவைத்துச் சோறு போடவும், கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டவும் வீட்டில் ஆள் இருத்தல்.' இதற்கான சான்றை அந்தந்த ஊர் வி.ஏ.ஓ.விடம் வாங்கிக்கொள்ளலாம். முனைவராக இருந்தால் அடிக்குறிப்போடு தருவார்.

இப்படிக்கு,
செக்கிங் ஆள்

இணைப்பு: அந்தப் பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல் – 1. சான்றொப்பம் வாங்கவில்லை, வாங்கப் போனால் அரை ஷிப்ட் போய்விடும்.