இரும்பேறிகளின் ஜாதகம்

2013இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்காவின் 702 தொழில்களுக்கு ஜாதகம் கணித்தார்கள். உயரத்தில் தொங்கியபடி தூணும் உத்தரமும் மாட்டும் இரும்புத் தொழிலாளிக்கு வந்த பலன்: கணினிமயமாகும் வாய்ப்பு 83 சதவீதம்.

கட்டுமானத்தை இயந்திரமயமாக்குவதில் ஜப்பான்காரர்கள் முந்திக்கொண்டவர்கள். 1990களின் தொடக்கத்திலேயே ஷிமிசு நிறுவனம் நகோயாவில் கூரையையே தொழிற்சாலையாக்கிப் பார்த்தது. அது மேலேற, கீழே மாடிகள் முளைத்தன. செலவும் கூடவே ஏறியதால் ஊரெங்கும் பரவவில்லை.

பட்டறையில் வெட்டுவதும் துளையிடுவதும் கணினி வசமாகி நாளாயிற்று. அங்கே இரும்பு இயந்திரத்தைத் தேடி வரும். களத்தில் இயந்திரம்தான் காற்றிலும் மழையிலும் இரும்பைத் தேடி ஏற வேண்டும். ஏறியபின், பொருந்தாத துளையைப் பார்த்துத் திட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆளைக் குறைத்த ஆசாமி வேறு. எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பிய 1930இல், இரும்பை ஆணியடித்து இணைக்கும் ரிவெட் குழுவுக்கு நால்வர்: காய்ச்சி எறிய ஒருவர், சிவந்த ஆணியைத் தகர டப்பாவில் பிடிக்க ஒருவர் (இதற்கு எந்தக் கல்லூரியில் பட்டம்?), முட்டுக்கொடுக்க ஒருவர், அடிக்க ஒருவர். 1950களுக்குப் பின் அந்தக் குழுக்களை வீட்டுக்கு அனுப்பியவை உயர்வலு போல்ட்டும் வெல்டிங்கும். போல்ட்டைச் செயற்கை நுண்ணறிவு என்று அப்போது யாரும் விற்கவில்லை.